குப்பியில் சிவப்பு மாறவில்லை. அப்படியானால் துகள் நிலையாக இருக்கிறதா?

புற்றுக்கட்டியைச் சிடி படத்தில் காட்டத் தங்க நானோ துகள் செய்யும் ஒருவர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 20 நானோமீட்டர் தங்கத் துகள், மேலே பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலிகளின் பூச்சு, பெக்கின் நுனியில் செல்லின் மேலுள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியைத் தேடும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). குளிர்பெட்டியில் மூன்று மாதமாக ஒயின் சிவப்பு மாறவில்லை, நிறமாலையின் உச்சியும் நகரவில்லை. ஆனால் ஈஜிஎஃப்ஆர் மிகுந்த ஏ431 என்ற புற்றுச் செல்களில் ஒட்டுவது முதல் வாரத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. அதே குப்பியிலிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுத்துச் சுண்டெலியின் வால் நரம்பில் போட்டு சிடி எடுத்தால், கட்டியும் பக்கத்துத் தசையும் ஒரே சாம்பல் நிறம். "துகள் நிலையாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா?" என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றனவா? ஏற்றிய ஆன்டிபாடி இன்னும் துகள்மேலேயே, வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா? கட்டிக்குள் போய்ச் சேரும் தங்கம் சிடியின் கண்ணுக்குப் படும் அளவுக்கு இருக்கிறதா? சிவப்பு நிறம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மூன்றாவதற்கும் நிலைத்தன்மைக்கும் பெரிய தொடர்பே இல்லை, அது வெறும் கணக்கு.

முதலாவதிலிருந்து வருவோம். தங்கத் துகள்கள் தனித்தனியாக இருந்தால் சிவப்பு. நெருங்கி ஒட்டினால் ஊதா, பிறகு நீலம், கடைசியில் குப்பியின் அடியில் கறுப்புப் பொடி. பால் திரிவது மாதிரிதான், பாடப்புத்தகத்திலும் இதற்குத் திரிதல் என்றே பெயர். தங்கக் கூழ்மத்தில் உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாவதை மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே எழுதிவிட்டார். சிட்ரேட்டைக் கொதிக்க வைத்துச் செய்யும் துகளைக் காப்பது அதன் மேலுள்ள எதிர்மின்னூட்டம் மட்டுமே. 1 மில்லிமோலார் உப்பில் அந்த விலக்கு விசை துகளைச் சுற்றிச் சுமார் 10 நானோமீட்டர் வரை எட்டும். இரத்தத்திலும், அதன் உப்பளவுக்கு ஒத்த பிபிஎஸ் பஃபர் கரைசலிலும் இருக்கும் 150 மில்லிமோலார் உப்பில் அது 0.8 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். அவ்வளவு கிட்டே வந்த இரண்டு துகள்களை வான்டர்வால்ஸ் ஈர்ப்பு விடாது. தங்கம் தங்கத்தைத் தொட்டபின் சோனிகேட்டரில் (ஒலியதிர்வுக் கருவியில்) எவ்வளவு நேரம் வைத்தாலும் பிரியாது.

பெக்கின் வேலை இந்த நெருக்கத்தைத் தடுப்பது. எவ்வளவு பெக் தேவை என்பதைக் கண்மதிப்பில் போடுகிறவர்கள் அதிகம், ஆகவே ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 நானோமீட்டர் துகள் கரைசலின் உட்கவர் அளவு (அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்ற எண்) 520 நானோமீட்டர் அலைநீளத்தில் 1 என்றால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 70,000 கோடி துகள், அதாவது 1.16 நானோமோலார். 10 மில்லிலிட்டரில் 11.6 பிகோமோல். ஒரு துகளின் பரப்பு 1,257 சதுர நானோமீட்டர். ஒரு சதுர நானோமீட்டரில் கடைசியில் உட்காரப்போவது சுமார் ஒன்று, மிஞ்சினால் சில பெக் சங்கிலிகள்தான். என்றாலும் 10 வீதம் போட வேண்டும், ஏனென்றால் வாங்கி வைத்த தயால் பெக்கில் (தங்கத்தைப் பிடிக்கும் கந்தக முனைக்குத்தான் தயால் என்று பெயர்) ஒரு பகுதி காற்றுப்பட்டு டைசல்ஃபைடாக ஜோடி சேர்ந்திருக்கும். அப்படியானால் 146 நானோமோல். 5,000 டால்டன் மூலக்கூற்று எடையுள்ள பெக்குக்கு 0.73 மில்லிகிராம். அன்றன்று கரைத்து, நன்றாகக் கலக்கும்போது ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வந்த துகள்கள் நிறையவும் பின்னால் வந்தவை குறைவாகவும் எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள். இரவு முழுவதும் விடுவது நல்லது. அதற்கு முன் மையவிலக்கில் சுற்றவே கூடாது. வெறும் சிட்ரேட் துகளை 12,000 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கு விசையில்) சுற்றினால் அடியில் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பூச்சு சரியா என்பதற்கு 100 மைக்ரோலிட்டர் துகளில் 10 மைக்ரோலிட்டர் 10% சோடியம் குளோரைடு கரைசல் சேருங்கள். இது புதுச் சோதனை இல்லை. 12-ஆம் வகுப்பில் படித்த தங்க எண் இதேதான்: 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 1 மில்லி 10% உப்புக் கரைசல். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் சிக்மாண்டி கொண்டுவந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்தாலும் இதில் ஓர் அழகு இருக்கிறது. 10% என்பது 1.71 மோலார், பதினொன்றில் ஒரு பங்காக நீர்க்கும்போது 0.155 மோலார். ஏறக்குறைய இரத்தத்தின் உப்பளவே அது. பெக் இல்லாத துகள் ஒரு நிமிடத்துக்குள் ஊதாவாகும். நல்ல பூச்சுள்ளது அரை மணி நேரம் கழித்தும் சிவப்பாக நிற்கும், உச்சி 522 முதல் 524 வரை இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல் 650-இல் வரும் அளவை 520-இல் வரும் அளவால் வகுத்துப் பாருங்கள். 0.1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.2-ஐத் தாண்டினால் திரட்சி தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துகளின் பருமனை அளக்கும் முறை) தரும் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடுவதால், ஒரு தூசித் துணுக்கு ஆயிரக்கணக்கான நல்ல துகள்களை மறைத்துவிடும். 20 நானோமீட்டர் துகளுக்கு 5,000 டால்டன் பெக் பூசியபின் டிஎல்எஸ்ஸில் 40-ஐ ஒட்டி வந்தால் அது பெக்கின் தடிமன்தான். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு.

நிறமும் உச்சியும் மாறாததால் கேட்டவரின் துகள் இந்த முதல் கேள்வியில் தேறியிருக்கிறது. சிக்கல் இரண்டாம் கேள்வியில். தங்கம்-கந்தகம் பிணைப்பு உறுதியானது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். உறுதிதான், ஆனால் நிரந்தரம் இல்லை. வேறொரு தயால் வந்தால் இடம் மாற்றிக்கொள்ளும். செல்லுக்குள் குளூட்டதயோன் என்ற தயால் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. இரத்தத்தில் கந்தகமுள்ள அமினோ அமிலங்களான சிஸ்டீனும் சிஸ்டினும் இருக்கின்றன. போதாதற்கு இரத்தப் புரதமான அல்புமினின் 34-ஆம் இடத்தில் ஒரு தயால் திறந்தே நிற்கிறது, அல்புமினோ ஒரு மில்லிலிட்டருக்கு 35 முதல் 50 மில்லிகிராம். 2012-இல் லார்சனும் சோகோலோவும் அவர்கள் குழுவினரும் இதை நேராகவே காட்டினார்கள்: உடலில் இருக்கும் அளவு சிஸ்டீனும் சிஸ்டினுமே சாதாரண தயால் பெக்கை இடம்பெயர்க்கப் போதும், பெக் போன இடத்தில் புரதம் ஒட்டுகிறது, புரதம் ஒட்டியதை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் விழுங்குகிறது. அவர்கள் கண்ட வழி, தங்கத்துக்கும் பெக்குக்கும் நடுவே தண்ணீர் ஒட்டாத ஹைட்ரோகார்பன் சங்கிலி அடுக்கு ஒன்றை வைப்பது. இன்னொரு வழி, ஒரு கந்தகத்துக்குப் பதில் இரண்டு கந்தகத்தால் பிடிக்கும் லிபோயிக் அமில முனை. ஒன்று விட்டாலும் மற்றது பிடித்திருக்கும், விட்டது திரும்ப வந்து ஒட்டும். புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஆன்டிபாடி தாங்கும் சங்கிலிக்காவது லிபோயிக் முனையை எடுங்கள். விலை கூடும்தான், ஆனால் ஆன்டிபாடியின் விலையைப் பார்த்தால் அது ஒன்றுமில்லை.

குளிர்பெட்டியில் சிஸ்டீன் ஏது என்று கேட்கலாம். அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. மெல்ல மெல்லத் தயோலேட்டை ஆக்சிஜனேற்றி அவிழ்க்கும். மிச்ச பெக்கையெல்லாம் நான்கைந்து தடவை கழுவி எடுத்தபின் நீர்த்த கரைசலாக வைத்தால் விட்டுப்போன சங்கிலி திரும்பி வருவதற்கும் வழியில்லை. ஒரு துகளில் ஆயிரத்துக்கு மேல் பெக், ஆன்டிபாடியோ ஐந்தோ பத்தோதான். பத்தில் ஒரு பங்கு சங்கிலிகள் கழன்றாலும் மிச்சமிருக்கும் பெக் துகளைச் சிவப்பாகவே வைத்திருக்கும். ஆன்டிபாடி விஷயத்தில் அதே பத்தில் ஒரு பங்கு வேறு கதை. கழன்ற ஆன்டிபாடி காணாமல் போவதில்லை, அதே குப்பியில் மிதக்கிறது. துகளைவிடச் சுமார் முந்நூறு மடங்கு லேசானது, வேகமாகப் பரவும். செல்லின் ஏற்பியில் முதலில் போய் உட்காருவது அதுதான். உட்கவர் அளவு 1 உள்ள கரைசலில் துகளுக்கு ஐந்து ஆன்டிபாடி, அதில் பத்தில் ஒன்று விட்டுப்போனது என்றால் மிதக்கும் ஆன்டிபாடி 0.6 நானோமோலாருக்கு அருகில். நல்ல ஈஜிஎஃப்ஆர் ஆன்டிபாடியின் பிணைப்பு மாறிலியும் நானோமோலாருக்குக் கீழேதான். ஆக, துகளின் இடத்தைத் துகளிலிருந்து விழுந்ததே பிடித்துக்கொள்கிறது. மூன்று மாதத்தில் பிணைப்பு பாதியானதற்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

நல்லவேளையாக இதைச் சோதிப்பது அரை நாள் வேலை. பழைய குப்பியில் 1 மில்லி எடுத்து 12,000 ஜியில் 30 நிமிடம், 4 டிகிரியில் சுற்றுங்கள். 0.05% ட்வீன்-20 என்ற சோப்பு சேர்த்துக்கொண்டால் குழாய்ச் சுவரில் ஒட்டி வீணாகாது. மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தனியாக எடுத்து வையுங்கள். அடியில் இருப்பதைப் புது பஃபரில் கலக்கி, கழுவாத பழைய துகளோடு பக்கத்தில் வைத்து ஒரே நாளில் ஏ431-இல் போட்டுப் பாருங்கள். கழுவியது நன்றாக ஒட்டி, கழுவாதது ஒட்டாவிட்டால் மிதக்கும் ஆன்டிபாடிதான் குற்றவாளி. இரண்டுமே ஒட்டாவிட்டால் துகள்மேல் ஆன்டிபாடி போதிய அளவு இல்லை, அல்லது இருந்தும் செயலிழந்திருக்கிறது. இதையும் உறுதிசெய்ய வேண்டுமானால், எடுத்து வைத்த தெளிந்த நீரைச் செல்லில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு புதிதாகச் செய்த துகளைச் சேருங்கள். புதியதும் ஒட்ட மறுத்தால் கதை முடிந்தது.

துகள்மேல் எத்தனை ஆன்டிபாடி என்று எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ஒட்டி, துகள் கரைசலின் ஒளிர்வை அப்படியே அளந்தால் எண்ணிக்கை குறைவாக வரும், ஏனென்றால் தங்கம் தன் பக்கத்தில் இருக்கும் சாயத்தின் ஒளியை விழுங்கிவிடும். 20 மில்லிமோலார் மெர்காப்டோஎத்தனால் என்ற சிறு தயாலில் இரவு முழுவதும் வைத்து எல்லாவற்றையும் தங்கத்திலிருந்து கழற்றி, சுற்றி, தெளிந்த நீரில் அளக்க வேண்டும். ஒப்பீட்டு வரைபடத்துக்கான ஆன்டிபாடியையும் அதே மெர்காப்டோஎத்தனால் கரைசலிலேயே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சாயத்தின் ஒளிர்வு ஒத்துவராது.

மெர்காப்டோஎத்தனால் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது அடிக்கடி நடக்கும் விபத்து. புரதங்களை இடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு மருந்துகள் கொண்டு இணைக்கும் பொதுவான செய்முறைத் தாளில், வேலை முடிந்ததும் மிச்ச இடிசியை அணைக்க மெர்காப்டோஎத்தனால் சேர்க்கச் சொல்லியிருக்கும். புரதத்துக்கு அது சரி. தங்கத்துக்கு அதைச் செய்தால் அரும்பாடுபட்டு ஏற்றிய பெக்கையும் ஆன்டிபாடியையும் நீங்களே கழற்றிவிடுகிறீர்கள். மிச்ச இடிசியைச் சுற்றிக் கழுவி நீக்குங்கள். ஆன்டிபாடியைப் பிளக்கப் பயன்படுத்தும் டிடிடியும் அப்படியே, துகளைப் பார்ப்பதற்கு முன் உப்புநீக்கும் பத்தியில் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். இடிசி வேலையில் மற்ற தவறுகளும் பழக்கமானவைதான்: குளிரில் இருந்த இடிசி பாட்டிலை அறை வெப்பத்துக்கு வருமுன் திறப்பது (ஈரம் இறங்கி மருந்து செத்துவிடும்), டிரிஸ் அல்லது கிளைசின் பஃபரில் செய்வது (ஆன்டிபாடிக்குப் பதில் பஃபரே ஒட்டிக்கொள்ளும்), நிலைப்படுத்த அல்புமின் சேர்த்து விற்கும் ஆன்டிபாடியைச் சுத்தம் செய்யாமல் போடுவது. கடைசியில் சொன்னதில் துகள்மேல் ஏறுவது பெரும்பாலும் அல்புமின். துகள் மிக அழகாக, மிக நிலையாக இருக்கும், எந்தச் செல்லிலும் ஒட்டாது.

ஆன்டிபாடியைச் சங்கிலியில் இணைக்காமல் நேரே தங்கத்தில் படியவிட்டிருந்தால், அதாவது பிஎச்சைச் சரிசெய்து கலந்துவிடும் பழைய முறையில் செய்திருந்தால், இரத்தத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் உட்கார்ந்த புரதத்தைப் பிறகு வரும் வேறு புரதங்கள் தள்ளிவிடும். இதற்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். கர்ப்பச் சோதனைப் பட்டை மாதிரி சில நிமிட வேலைக்கு அந்த முறை போதும். நரம்பில் ஏற்றி 24 மணி நேரம் காத்திருக்கும் வேலைக்குப் போதாது. நீளப் பொருத்தமும் முக்கியம். ஆன்டிபாடி 2,000 டால்டன் சங்கிலியின் நுனியில், சுற்றிலும் 5,000 டால்டன் பெக் என்று இருந்தால் ஆன்டிபாடி புதருக்குள் மறைந்துவிடும். தாங்கும் சங்கிலி நீளமாகவும் சுற்றியுள்ளது குட்டையாகவும் இருக்க வேண்டும். கார்பாக்சில் முனையுள்ள சங்கிலி மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் போதும். ஆன்டிபாடியைத் துகளுக்கு 20 வீதம் சேர்த்தால் மேலே சொன்ன 10 மில்லிக்கு 35 மைக்ரோகிராம்; ஒட்டுவது அதில் பாதிக்கும் கீழே இருக்கும். மேலும் மேலும் ஏற்றினால் நல்லது என்று தோன்றும். ஆனால் அதிக ஆன்டிபாடி என்றால் அதிக எஃப்சி வால்கள் (ஆன்டிபாடியின் அடிப்பகுதி), அவற்றை ஈரலின் மேக்ரோஃபேஜ்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

சீரத்துக்கு (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) வருகிறேன். துகள் இரத்தத்தில் இறங்கிய சில நொடிகளிலிருந்தே புரதங்கள் அதைப் போர்த்தத் தொடங்கும். இந்தப் போர்வை குறிதேடும் மூலக்கூற்றை மறைத்துவிடும் என்பதை 2013-இல் சால்வாட்டி குழுவினர் டிரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் இரத்தப் புரதம்) ஏற்றிய சிலிக்கா துகளில் காட்டினார்கள்: சீரம் இல்லாத ஊடகத்தில் ஏற்பியைச் சரியாகக் கண்டுபிடித்த துகள், சீரத்தில் அந்தத் திறனை இழந்தது. துகள் சிலிக்காவாக இருந்தாலும் மேலே நடப்பது தங்கத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்; எந்த அளவுக்கு என்பது பூச்சின் அடர்த்தியைப் பொறுத்தது, அதை உங்கள் துகளில் அளந்துதான் சொல்ல முடியும். ஆகவே பிபிஎஸ்ஸில் எடுத்த நிலைத்தன்மை வரைபடத்துக்கு விலங்குச் சோதனையில் மதிப்பே இல்லை. துகளை 50 சதவீதச் சீரத்தில், 37 டிகிரியில் வைத்து 0, 1, 4, 24, 48 மணி நேரங்களில் எடுங்கள். மாட்டுக் கன்றுச் சீரம் மட்டும் போதாது, எந்த விலங்குக்குப் போடப்போகிறீர்களோ அதன் சீரத்திலும் செய்யுங்கள். 56 டிகிரியில் சூடேற்றிய சீரத்தை எடுக்காதீர்கள், அதில் நோயெதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செத்திருக்கும், போர்வையே வேறாக வரும். நிறமாலைக்கு அதே சீரத்தையே வெறுமையாக வைத்துக் கழியுங்கள். இரத்தச் சிவப்பணு உடைந்த சீரமாக இருந்தால் ஹீமோகுளோபினின் 540, 575 பட்டைகள் தங்கத்தின் உச்சிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அந்தத் தொகுதியைத் தூக்கிப் போடுவதே மேல். ஒவ்வொரு நேரத்திலும் மூன்றைப் பாருங்கள்: 650-க்கும் 520-க்கும் உள்ள விகிதம், தெளிந்த நீரில் வந்து சேர்ந்த சாய ஆன்டிபாடி, சீரத்தில் ஊறிய துகள் ஏ431-இல் ஒட்டும் அளவு. மூன்றாவதற்குக் கட்டுப்பாடுகள் இல்லாமல் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார். ஈஜிஎஃப்ஆர் மிகக் குறைவாக உள்ள எம்சிஎஃப்-7 செல், ஈஜிஎஃப்ஆரைத் தேடாத சாதாரண ஆன்டிபாடி (ஐஜிஜி) ஏற்றிய அதே துகள், மிகுதி ஆன்டிபாடியால் ஏற்பியை முன்பே அடைத்த ஏ431, இந்த மூன்றும் வேண்டும். ஒட்டிய தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ்ஸில் (மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) அளக்கலாம். தங்கம் அந்தக் கருவியின் குழாயில் தங்கிவிடும் குணம் கொண்டது. மாதிரிகளுக்கு நடுவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிஸ்டீனும் கலந்து கழுவாவிட்டால் முந்தைய மாதிரியின் தங்கத்தை அடுத்ததில் படிப்பீர்கள்.

இனி அந்தச் சாம்பல் நிறச் சிடி. 20 நானோமீட்டர் துகள், உட்கவர் அளவு 1 என்றால் மில்லிலிட்டருக்கு சுமார் 57 மைக்ரோகிராம் தங்கம். கேட்டவர் போட்டது உட்கவர் அளவு 50-இல் 200 மைக்ரோலிட்டர் என்றால் மொத்தம் 0.57 மில்லிகிராம். வாரன் சானின் டொரோண்டோ குழு பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியிட்டதில், செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம். அப்படியானால் 4 மைக்ரோகிராம். கட்டி 0.2 கிராம் என்றால் கிராமுக்கு 20 மைக்ரோகிராம். சிடியில் பக்கத்துத் தசையிலிருந்து பிரித்துத் தெரிய கிராமுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராமாவது வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அயோடின் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் 120 கிலோவோல்ட்டில் சுமார் 25 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் வெளிர்வின் அலகு) ஏறும், தங்கமும் அதே வரிசைதான். 25 மடங்கு குறைவு, 50 மடங்காகவும் இருக்கலாம். துகள் நூறு சதவீதம் நிலையாக இருந்து, ஆன்டிபாடி ஒன்றுகூட விழாமல் இருந்து, வழக்கத்தைவிடப் பத்து மடங்கு கட்டிக்குப் போயிருந்தாலும் அந்தப் படம் சாம்பலாகத்தான் வந்திருக்கும். 2004-இல் ஹைன்ஃபெல்ட் குழுவினர் சுண்டெலிகளில் கதிர்வீச்சுக்கு முன் 1.9 நானோமீட்டர் தங்கத்தைக் கிலோவுக்கு 2.7 கிராம் வரை போட்டார்கள். 60 கிலோ மனிதருக்கு அந்தக் கணக்கில் 162 கிராம், இருபது பவுனுக்கு மேல். நரம்பில் ஏற்றும் தங்கத்துக்கும் இன்றைய கிராம் விலைதானே.

எனவே சிடிதான் வேண்டும் என்றால் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். அல்லது குறைந்த தங்கத்திலேயே தெரியும் முறைக்கு மாற வேண்டும். லேசர் ஒளி பட்டு எழும் ஒலியைப் பதியும் ஒளி-ஒலிப் படமெடுப்பும், ராமன் சாயம் ஏற்றிய துகளும், கதிரியக்க அடையாளத்தைப் படமெடுக்கும் பிஇடியும் அப்படிப்பட்டவை. அங்கே நான்காவதாக ஒரு நிலைத்தன்மைக் கேள்வி சேரும்: படத்தில் தெரிவது துகளா, அதிலிருந்து கழன்ற அடையாளமா? டோட்டா என்ற உலோகம் பிடிக்கும் மூலக்கூற்றில் கதிரியக்கத் தாமிரம்-64 ஏற்றினால் (அரை ஆயுள் 12.7 மணி) கழன்ற தாமிரம் நேரே ஈரலுக்குப் போகும். துகளும் ஈரலுக்குத்தான் போகும், படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உறுப்புகளை எடுத்துக் கதிரியக்கத்தையும் ஐசிபி-எம்எஸ் தங்கத்தையும் தனித்தனியாக அளந்து, இரண்டு சதவீதமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒளி-ஒலிக்குத் தங்கக் கம்பி வடிவத்தை எடுப்பார்கள். லேசர் துடிப்பின் சூட்டில் கம்பி உருகி உருண்டையாகி, அகச்சிவப்புக்கு அருகே இருந்த உச்சி காணாமல் போகும். சிலிக்கா ஓடு போட்டால் தாங்கும். கம்பியில் சிடிஏபி என்ற சோப்பு மிச்சமிருந்தால் செல்லைக் கொல்லும், பெக்குக்கு முன் அதிகம் கழுவினால் கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். அதிகபட்சம் இரண்டு தடவை சுற்றிவிட்டு பெக்கைப் போடுவதே நடைமுறை.

இதுவரை சொன்னதில் உப்பு, தயால் இடமாற்றம், சிடி கணக்கு மூன்றும் உறுதியானவை. ஆன்டிபாடி ஏற்றினால் கட்டிக்குள் அதிகம் போகுமா என்பது அப்படி இல்லை. 2010-இல் மார்க் டேவிஸின் குழு டிரான்ஸ்ஃபெரின் ஏற்றிய தங்கத் துகளில் பார்த்தபோது, கட்டிக்குப் போன மொத்த அளவு ஏறக்குறைய மாறவேயில்லை. கட்டிக்குள் போனபின் புற்றுச் செல்லுக்குள் நுழைந்தது மட்டும் கூடியது. அளவு கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. என் சாய்வு டேவிஸ் பக்கம்: இரத்தக் குழாயிலிருந்து கசிவது துகளின் பருமனையும் அது எவ்வளவு நேரம் இரத்தத்தில் சுற்றுகிறது என்பதையும் பொறுத்தது, ஆன்டிபாடியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தங்கம் உடலில் அப்படியே கிடக்கும் என்பதும் பாதி உண்மை. 40 நானோமீட்டர் துகள் போட்ட சுண்டெலியின் ஈரலில் ஆறு மாதம் கழித்தும் தங்கம் 9 சதவீதமே குறைந்திருந்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு. மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குள் தங்கத் துகள் மெல்லக் கரைந்து வேறு வடிவத்தில் மறுபடி படிகமாவதை 2020-இல் பால்ஃபூரியே குழுவினர் காட்டினார்கள். சிறிய துகள்தான் முதலில் கரைகிறது. தங்கம் மந்தமான உலோகம் என்று ஆய்வறிக்கையின் முதல் வரியில் எழுதுகிற வழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

சேமிப்பைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். 4 டிகிரி, இருட்டு, பிஎச் 7.4, உட்கவர் அளவு 20 முதல் 50 வரை செறிவாக, புரதம் ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் குழாயில். உறையவைக்கக் கூடாது, பனியாகும் தண்ணீர் உப்பையும் துகளையும் மூலையில் தள்ளி நெருக்கும், உருகியதும் நீலம்தான். தேவைப்படும்போது மட்டும் நீர்க்கவும். ஆன்டிபாடி ஏற்றாத பெக் துகளை மாதக்கணக்கில் வைக்கலாம், ஆன்டிபாடியை ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய வாரம் இணைத்துக்கொள்வது பாதுகாப்பு. இணைத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பகுதியைச் சுற்றி, மேல்நீரில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்துக் குப்பியின் மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள்.

கையில் மிச்சமிருக்கும் மூன்று மாதக் குப்பியைக் கொட்டிவிட வேண்டாம். முதலில் மேலே சொன்ன கழுவிய, கழுவாத ஒப்பீடு. அதில் கழுவியது பிழைத்தால் அதையே சீரத்தில் 24 மணி நேரம் வைத்து மறுபடி ஏ431. அந்தச் சுண்டெலிகளின் கட்டியும் ஈரலும் மண்ணீரலும் உறைபெட்டியில் இருந்தால் அவற்றை ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். சிடியில் தெரியாத 20 மைக்ரோகிராம் அந்தக் கருவிக்கு மலை மாதிரி. கிராமுக்கு எவ்வளவு என்ற எண் வந்தபின், குற்றம் துகளிலா அளவிலா என்று அதை வைத்தே பேசலாம்.